முப்பதாம் பாடத்தில் துளைகள் இல்லை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தேங்காய்த் துருவியோடு இலவசமாக வந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் எனக்கு நிம்மதி.

ஜாவாவில், எங்கள் ஊரான க்ளாத்தெனில் ஞாயிறுதோறும் கூடுகிற பழைய சாமான் சந்தையில்தான் அந்தத் துருவியை வாங்கினேன். சுற்றித் தரக் காகிதம் தேடிய கடைக்காரர், காலடியில் கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்துக் கிழிக்கப் போனார். அட்டை இல்லை, முதல் பக்கம் இல்லை. ஆனால் ஜாவா எழுத்து. வார்த்தைக்கு வார்த்தை இடம் விடாமல் சுருள் சுருளாக ஓடும் பழைய அச்சு. என்னை அறியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். துருவியைச் சுற்றாமலே கொண்டுபோகிறேன், அதைக் கிழிக்காதீர்கள் என்றேன். எலிதான் தின்னும், எடுத்துக்கொண்டு போங்கள் என்று தள்ளிவிட்டார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசிப்புப் புத்தகம் அது. மொத்தம் முப்பது பாடம். சோப்பு, அம்மை குத்துதல், தென்னை மரம், ரயில் வண்டி, வாத்து. இந்த ஊரில் பாடநூல் அச்சகம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாகப் பயிற்சிப் பக்கம் எழுதுகிறவள் நான். 'கோடிட்ட இடத்தை நிரப்புக' எல்லாம் என் கைவரிசைதான். நூறு வருஷத்துக்கு முன்னால் என் வேலையைப் பார்த்த ஆள் யாரோ, அவருடைய பாடத்தைக் கையில் வைத்திருக்கிறேன் என்று நினைத்ததும் அங்கேயே, வெயிலில், மீன் கருவாட்டுக் கடை முன்னால் நின்று புரட்டினேன்.

அப்போதுதான் பார்த்தேன். என் முழங்கையில் வெளிச்சப் புள்ளிகள். தாளை அசைத்தால் அவையும் அசைந்தன. தாள் முழுக்க ஊசிமுனைத் துளைகள்.

(பூச்சி அரித்தது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் பூச்சிக்கு இரண்டு எழுத்துக்கு நடுவில் மட்டும் பார்த்துப் பார்த்துத் தின்னத் தெரியுமா?)

2

தொடக்கம், முதல் முயற்சி:

மழை பெய்துகொண்டிருந்தது. கஸிரா பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தபோது அவள் சட்டைக்குள் ஒரு—

(நிறுத்து. மழையில் தொடங்குகிற கதைகளை நானே மூடிவைத்துவிடுவேன். தவிர, அந்தக் காலத்துச் சிற்றூர்ப் பெண்ணுக்குச் சட்டை எங்கே? மார்பில் கட்டிய துணிதான்.)

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் ஜாவாவின் சிற்றூர்ப் பள்ளிகளில் உரைநடை வாசிப்பு நூல்கள் புகுத்தப்பட்டதன் விளைவாக—

(விளைவாக நீங்கள் தூங்கிவிட்டீர்கள்.)

2, மறுபடியும்

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கணவர் ஹர்ஜிதோ முன்னால் வைத்தேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாதம் இரண்டு ஞாயிறு அக்கம்பக்கத்து ஆட்களோடு உட்கார்ந்து பழைய செய்யுள்களை ராகம் போட்டுப் பாடுவார். குரல் சுமார்தான். அதை அவரிடம் நான் சொன்னதில்லை, இதை அவர் படிக்கப்போவதும் இல்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஏழாம் பாடத்தை வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் அசை அசையாகத் தட்டிக்கொண்டே போனார். முதல் துளை வரைக்கும் ஏழு அசை. அடுத்தது பத்து. பிறகு பன்னிரண்டு, எட்டு, எட்டு. அப்புறம் மறுபடி ஏழு. கணக்கு வாத்தியாரின் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுத்தாளரம்மா, இது பூச்சி இல்ல," என்றார். "இது கம்பூ."

கம்பூ என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு மெட்டு. ஐந்து வரி. வரிக்கு இத்தனை அசை, கடைசியில் இன்ன உயிரெழுத்து என்று கணக்கு. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லவென்றே அதில் பாடுவார்கள். யாரோ ஒருவர் சோப்புப் பற்றிய பாடத்தை, வெறும் உரைநடையை, கம்பூ மெட்டுக்கு வெட்டியிருக்கிறார்கள். எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே ஒரு துளை. இரண்டு துளை சேர்ந்தாற்போல் இருந்தால் அந்த வார்த்தையை விட்டுவிட வேண்டும். மூன்று இருந்தால் இழுக்க வேண்டும். இதை ஹர்ஜிதோ இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

கை கழுவாமல் சாப்பிடாதே, நகத்துக்குள் அழுக்கு இருக்கும், கண்ணுக்குத் தெரியாதது அதற்குள் இருக்கும் என்று என் கணவர் சாயங்கால வெளிச்சத்தில் பாடினார். நூறு வருஷமாக மூடிக் கிடந்த குரல் ஒன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அடுப்பில் சோறு அடிபிடித்தது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

(வரி முடிகிற உயிரெழுத்து எதுவும் விதிப்படி இல்லை, பாடத் தெரிந்தவன் கேட்டால் சிரிப்பான் என்று கடைசியில் குறை சொன்னார். இந்த மனிதருக்குக் குறை சொல்லாவிட்டால் சோறு இறங்காது.)

3

துளை போட்டது யார்?

முதலில் வாத்தியாரைத்தான் நினைத்தேன். அப்போதுதான் புதிதாகப் பயிற்சி முடித்து வந்த இளைஞர், வெள்ளைக் கோட்டு, தலையில் மடிப்பு மடிப்பாகக் கட்டிய துணி, மனசுக்குள் பழைய பாட்டின் மேல் ஆசை. நாலு பக்கம் எழுதியும் விட்டேன். ஹர்ஜிதோ ஒரே கேள்வியில் கவிழ்த்தார்: வாத்தியாரிடம் பென்சில் இருக்குமே, அவர் ஏன் குத்த வேண்டும்?

நாலு பக்கமும் போயிற்று. ஆனால் எனக்குக் கோபமே வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. பென்சில் இல்லாத ஆள். சிலேட்டும் சிலேட்டுக் குச்சியும் மட்டும் உள்ள ஆள். மை பட்டால் அடி விழும் என்று பயந்த ஆள்.

மூன்றாம் பாடத்தைப் பார்த்தேன். அங்கேயும் துளைகள் உண்டு. ஏழு, பத்து, பன்னிரண்டு, எட்டு, ஒன்பது. கணக்குத் தப்பிவிட்டது. அடுத்த வரியில் பதினொன்று. அதற்கு அடுத்த இடத்தில் தாள் கிழிந்தே இருக்கிறது, ஆத்திரத்தில் திரும்பத் திரும்பக் குத்தினாற்போல. நாலாம் பாடம், ஐந்து, ஆறு எல்லாம் சுத்தம். ஏழில் மறுபடி ஆரம்பித்து ஒரு துளைகூடத் தப்பாமல் இருபத்தொன்பது வரை போகிறது. முப்பது சுத்தம்.

ஆகவே குழந்தைதான். அந்தக் குழந்தை பெண் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சியும் கிடையாது. அது என் விருப்பம். பெயர் கஸிரா, வயசு பத்து. வேண்டாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

(கொல்லையில் நிற்கிற நாரத்தையிலிருந்து ஒரு முள் ஒடித்து, என் அச்சகக் காகிதத்தில் குத்திப் பார்த்தேன். அதே வட்டம், அதே அளவு. குதிக்காத குறை.)

4

கஸிராவின் அப்பா கெர்த்தியாசா. ஊருக்கு வாய்க்கால் தண்ணீர் பிரித்துவிடுகிற ஆள். எந்த வயலுக்கு எந்த நேரம் மடை திறக்க வேண்டும் என்று அத்தனையும் தலைக்குள் வைத்திருப்பவர். எழுத்து மட்டும் ஒன்றும் தெரியாது. எழுத்தின் மேல் அவருக்கு ஒரு வீம்பு உண்டு. அதற்குக் காரணம் சன்முர்ஜா.

சன்முர்ஜா புகையிலை உலர்த்துகிறவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் புத்தகம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். படிப்பது என்றால் பாடுவது. அந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. பிள்ளை பிறந்த வீட்டில் ஐந்தாம் நாள் அந்தி சாய்ந்ததும் ஆட்கள் கூடுவார்கள், நடுவில் விளக்கு, விளக்கருகில் சன்முர்ஜா, மடியில் புத்தகம். அவர் பாடுவார், மற்றவர்கள் கேட்பார்கள், ஒரு வரிக்கு உள்ளர்த்தம் என்ன என்று தேநீர் ஆறும்வரை விவாதிப்பார்கள். படிக்காத பிள்ளைப்பேறு உப்புப் போடாத சோறு மாதிரி. கஸிரா பிறந்தபோது சன்முர்ஜா வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஊரில் வசதியான வீட்டுக்குப் போய்விட்டார். வந்தவர்கள் கெர்த்தியாசா வீட்டில் சோற்றைத் தின்றுவிட்டுச் சும்மா போனார்கள். பத்து வருஷமாகியும் அவருக்கு அது ஆறவில்லை.

அதனால்தான், ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார் சுமர்த்தா வீடு வீடாக ஏறி இறங்கிப் பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள் என்று கேட்டபோது, ஊரே சிரித்தாலும் கெர்த்தியாசா மட்டும் கஸிராவைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார். இனிமேல் வீட்டிலேயே ஒரு ஆள். சன்முர்ஜாவின் வாசலில் நிற்க வேண்டாம்.

கஸிராவுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். ஏன் என்று விளக்கி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். உங்களுக்குப் பிடித்த ஒன்று ஏன் பிடிக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா? எழுத்துச் சுருள் ஒன்று திடீரென்று வார்த்தையாகிற அந்த நொடி, அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷம் புத்தகம் கைக்கு வந்தது. அம்மாவுக்கு நிறைமாதம். அப்பா அவளைப் பாயில் உட்காரவைத்து, படி என்றார். கஸிரா மூன்றாம் பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த குரலிலேயே படித்தாள். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. வாத்தியார் அப்படித்தான் கேட்பார். முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

கெர்த்தியாசா கொஞ்ச நேரம் காத்திருந்தார். இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறாள் என்று நினைத்திருக்கிறார் பாவம்.

"இதுவா படிப்பு? இது பேச்சு," என்றார். "பேச்சு கேக்கறதுக்கு ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம் எதுக்கு, சந்தைக்குப் போனா போதுமே."

புஸ்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று கஸிரா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

"பிள்ளை பொறந்த அஞ்சாம் நாள் ஊர் வரும். அன்னிக்கு நீ படிக்கணும், படிக்கிற மாதிரி படிக்கணும். இல்லாட்டி மறுநாளே அம்மாவுக்குப் பதிலா சந்தைக்குப் போ. வெங்காயம் விக்க எழுத்து வேண்டாம்."

5

(இந்த இடத்தில் அப்பாவைக் கொடுமைக்காரராக ஆக்கிவிடலாமா என்று சபலம் தட்டியது. கதைக்கு வசதி. ஆனால் எழுத எழுத அந்த ஆள் என்னை மடக்கினார். அவர் கேட்டதில் என்ன தப்பு? ஆசைப்பட்டது பாட்டு, கிடைத்தது பேச்சு. அவரை அப்படியே விட்டுவிட்டேன். பின்னால் ஒரு வசனம் வைத்திருக்கிறார், பாருங்கள்.)

தம்பி புதன்கிழமை பிறந்தான். ஐந்து நாள். கஸிராவிடம் பாட்டுப் புத்தகம் கிடையாது, சன்முர்ஜா தரவும் மாட்டார். இருப்பது சோப்பும் ரயிலும்தான். ஆனால் கம்பூ அவள் காதில் இருந்தது. எத்தனை வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். சிலேட்டைப் போல் இதை எச்சில் தொட்டு அழிக்க முடியாது, புத்தகம் சர்க்காருடையது. கொல்லைக்குப் போய் நாரத்தை முள் ஒன்று ஒடித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் பாடத்தில் தோற்றது உங்களுக்குத் தெரியும். தாள் கிழிந்ததும் அழுதிருக்கிறாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒன்றே ஒன்று சொன்னாள்: "அழுதுகிட்டே எண்ணினா தப்பத்தான் தப்பும். மூக்கைச் சிந்திட்டு எண்ணு."

மூக்கைச் சிந்திவிட்டு ஏழாம் பாடத்துக்குத் தாவினாள். அது சின்னப் பாடம். நாலு நாள் ஆயிற்று.

6

ஐந்தாம் நாள். இந்தப் பகுதிக்காகத்தான் கதையையே எழுதுகிறேன்.

அந்தி. பாய் விரித்து இருபது முப்பது பேர். வெல்லப்பாகு ஊற்றிய கஞ்சி, தேங்காய்ப்பூ பிசைந்த கீரை, கடுந்தேநீர். வேண்டுமென்றே சன்முர்ஜாவையும் அழைத்திருந்தார் கெர்த்தியாசா. படிக்க இல்லை, கேட்க. சன்முர்ஜா உதட்டோரம் சிரிப்போடு சுவரில் சாய்ந்துகொண்டார். கஸிரா விளக்கருகில் உட்கார்ந்தாள். தாளைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். துளைகளில் விளக்கு மினுங்கியது. பாடினாள்.

கை கழுவாமல் உண்ணாதே. நகத்தின் உள்ளே அழுக்கு. கண்ணுக்குத் தெரியாதது அந்த அழுக்கின் உள்ளே. சோப்பு இல்லையென்றால் சாம்பல் போதும். தண்ணீர் ஓடட்டும்.

பாடி முடித்தாள். கஸிரா அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து புத்தகத்தையே பார்த்தாள். சிரித்துவிடுவார்கள் என்று நினைத்தாள். சோப்புப் பாட்டு அல்லவா.

அந்த ஊரில் பாடினால் அது ஞானம். வேறு எதையும் யாரும் ராகம் போட்டுக் கேட்டதில்லை. ஆகவே முன்வரிசைக் கிழவர் ஒருவர் மெதுவாகத் தலையாட்டி, சாம்பல் போதும் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். உடம்பு கடைசியில் சாம்பல்தானே என்றார் ஒருவர். இங்கே புதைக்கத்தானே செய்கிறோம் என்று இன்னொருவர் மறித்தார். விவாதம் சூடுபிடித்தது. தண்ணீர் ஓடட்டும் என்பது தன் வேலையைப் பற்றித்தான் என்று கெர்த்தியாசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் எல்லோரும் சன்முர்ஜாவைப் பார்த்தார்கள். சாய்ந்திருந்தவர் எப்போதோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நகம்னா நகம்தான்னு நெனைக்கிறவன் நெனைச்சுக்கட்டும்," என்றார். "கண்ணுக்குத் தெரியாதது எங்கயோ இல்ல, உன் கையிலயே இருக்குன்னு சொல்லுது. முப்பது வருஷமா படிக்கிறேன், இவ்வளவு கிட்ட வந்து யாரும் சொன்னதில்ல. பொண்ணே, இதை எழுதின மகான் யாரு?"

கஸிராவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சர்க்கார் என்றாள்.

(ஹர்ஜிதோவிடம் இந்த இடத்தைப் படித்துக் காட்டினேன். அரை மணி நேரம் சிரித்தார். பிறகு, இப்போதும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை இதையேதான் செய்கிறோம் என்று கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார்.)

சாப்பிட உட்காரும் முன் அத்தனை பேரும் கிணற்றடிக்குப் போய் வரிசையாக நின்று, சாம்பல் தொட்டு, பயபக்தியோடு கை கழுவினார்கள்.

7

அப்புறம் நிற்கவில்லை. அடுத்த வீட்டில் பேறு, அதற்கடுத்த வீட்டில் பல் முளைத்தது, இன்னொரு வீட்டில் ஒன்றுமே இல்லை, ஆசைக்குக் கூப்பிட்டார்கள். கஸிரா முள்ளோடு உட்கார்ந்து எட்டாம் பாடம், ஒன்பதாம் பாடம் என்று குத்திக்கொண்டே போனாள். அம்மை குத்திக்கொள் என்ற பாடத்தில் மூன்று பெண்கள் அழுதார்கள். ரயில் பாடத்தைச் சொர்க்கத்துக்குப் போகிற வழி என்று முடிவு கட்டினார்கள்.

வாத்தியார் சுமர்த்தா ஒன்றும் புரியாமல் விழித்தார். இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியும் கை கழுவாத ஊர் திடீரென்று கிணற்றடியில் கூட்டமாக நிற்கிறது. ஒரு காலை சன்முர்ஜா குளித்து, நல்ல துணி உடுத்தி, பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அந்தச் சோப்பு மறையை ஒரு தடவை கண்ணால் பார்க்க அனுமதி உண்டா என்று வணக்கமாகக் கேட்டார்.

வாத்தியார் கஸிராவின் புத்தகத்தை வாங்கினார். கூரைச் சந்து வழியாக வெயில் விழுந்த இடத்தில் பிடித்தார். அவருடைய வெள்ளைக் கோட்டு முழுக்க வெளிச்சப் புள்ளிகள் விழுந்தன.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ராகம் இழுக்கிற பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு கிடையாது, பேர் வெட்டு. அது சுமர்த்தா போட்ட விதி இல்லை. ஆனால் அதை நம்பினார். கெர்த்தியாசாவுக்கு ஆள் அனுப்பினார்.

8

மூன்று பேர். மேசைக்குப் பின்னால் வாத்தியார், வாசற்படியில் சேற்றுக் காலோடு அப்பா, நடுவில் கஸிரா. வகுப்பு மூச்சுவிடாமல் பார்க்கிறது.

(இங்கே வாத்தியாரைக் கெட்டவராக்கலாமா என்ற சபலம். இவரும் மடக்கிவிட்டார்.)

துளைகளைப் பற்றி அவர் கோபப்படவில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணில் படாமல் இந்தப் புத்தகத்தைத் தன் பெட்டியில் பூட்டிக்கொள்வதாகச் சொன்னார். அவருக்குக் கவலை வேறு.

"பாடினா எழுத்தைப் பாக்கவே வேண்டாம், காது ஓட்டிட்டுப் போயிடும்," என்றார். "நாளைக்கு இவளுக்கு ஒரு கடுதாசி வரும், ஒரு நோட்டீஸ் வரும். அதுக்கு ராகம் இருக்குமாய்யா? யாரும் மெட்டுப் போட்டுக் குடுக்காததை இவ தனியா படிக்கணும். அதுக்குத்தான் நான் இங்க இருக்கேன்."

கெர்த்தியாசா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பெரிய மனிதர்கள் முன்னால் பேசிப் பழக்கமில்லை. ஆனால் பேசினார். (மாஸ் குரு என்றால் வாத்தியாரய்யா.)

"மாஸ் குரு சொல்றது சரிதானுங்க. ராகம் இல்லாம படிச்சா அவளுக்குக் கேக்கும். பாடினா எனக்கும் கேக்கும். எனக்கு எழுத்து தெரியாதுங்க, நான் காதாலதான் படிக்கணும். எங்களை வெளியில நிறுத்திட்டு அவ மட்டும் உள்ள போறதுன்னா, நான் இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

வெளியே ஒரு கோழி கத்தியது. (கோழி தேவையா? இருக்கட்டும்.)

வாத்தியார் புத்தகத்தின் கடைசித் தாளைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தார். துளை எதுவும் இல்லை. முப்பதாம் பாடம். அவள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

"இதைப் படி," என்று கஸிராவிடம் நீட்டினார்.

கஸிரா வாங்கிக்கொண்டாள். பேச்சாகப் படித்தால் அப்பா கூட்டிக்கொண்டு போய்விடுவார். பாட்டாகப் படித்தால் வாத்தியார் பேரை வெட்டுவார். இரண்டிலும் பள்ளிக்கூடம் போயிற்று. இரண்டு பேர் சொல்வதும் சரி என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுடைய கஷ்டம், இப்போது என் கஷ்டமும். அவள் வாயைத்

9

திறந்தாள் என்று எழுத வேண்டும். பதினோரு நாளாக முடியவில்லை.

(அ) பேச்சாகப் படித்தாள். அப்பா அவள் தோளில் கை வைத்து— இல்லை. மூன்று வரி எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

(ஆ) பாடினாள். வாத்தியார் பேனாவை எடுத்து— இதுவும் இல்லை. அவர் கை நடுங்கியதாக எழுதினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?

(இ) ஹர்ஜிதோவின் யோசனை. கஸிரா திணற, வாத்தியாரே தொண்டையைக் கனைத்து, தன்னை மறந்து கம்பூவில் எடுத்துக்கொடுக்கிறார், வாசலில் அப்பா விசும்புகிறார். இது சினிமா என்று சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாத்தியார் ஆட்களைப் பற்றி வாத்தியாருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுச் சேம்பிலைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

தடயமும் உதவவில்லை. புத்தகம் பிழைத்திருக்கிறது, ஆகவே வாத்தியார் சொன்னபடி பெட்டியில் வைத்துப் பூட்டினார் என்று நான் இட்டுக்கட்டிக்கொள்ளலாம். முப்பதாம் பாடம் சுத்தமாக இருக்கிறது. அதற்கு இரண்டு காரணம் சொல்லலாம். அன்றோடு அவளை நிறுத்திவிட்டார்கள், முள்ளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அல்லது அன்றோடு அவளுக்கு முள் வேண்டாமல் போயிற்று. வெறும் தாளைப் பார்த்ததும் எங்கே மூச்சு விட வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது, வாத்தியார் காதுக்குப் பேச்சாகவும் அப்பா காதுக்குப் பாட்டாகவும் ஒரே குரலில் படித்தாள்.

இரண்டாவதை நம்ப எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அப்படி ஒரு குரல் உண்டா? எழுதிவிட்டால் உண்டு என்று ஆகிவிடாது. கேட்டால்தான் உண்டு. காகிதத்தில் இருந்துகொண்டு நான் அதைக் கேட்க முடியாது.

10

பிழைப்புக்குக் கோடிட்ட இடம் எழுதுகிறவள் நான். இருபத்தாறு வருஷமாக விடைகளைக் கடைசிப் பக்கத்தில் தலைகீழாக அச்சடித்திருக்கிறேன். இந்த ஒரு தடவை விடை என்னிடம் இல்லை, உங்கள் வாயில் இருக்கிறது.

முப்பதாம் பாடத்தைத் தமிழில் கீழே தந்திருக்கிறேன். நான் முள் எதுவும் வைக்கவில்லை. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: மனசுக்குள் படிக்கக் கூடாது. வாசற்படியில் எழுத்துத் தெரியாத ஒருவர் சேற்றுக் காலோடு நிற்கிறார், மேசைக்குப் பின்னால் பேனாவோடு ஒருவர் இருக்கிறார். இரண்டு பேருக்கும் கேட்கும்படி, வாயைத் திறந்து, உரக்க. உங்கள் குரல் எப்படிப் போகிறதோ அப்படித்தான் அவளுக்கு நடந்தது.

கஸிரா காத்துக்கொண்டிருக்கிறாள். படியுங்கள்.

*முப்பதாம் பாடம். வாத்து.*

மாலை நேரம் ஆகிவிட்டால் வாத்துக் கூட்டம் வீடு வரும். வாசல் தாண்டும் ஒவ்வொன்றாய் வரிசையாக எண்ணிக்கொள். ஒன்று குறைந்தால் பயப்படாதே. உடனே சென்று தேடிப் பார். ஆற்றின் ஓரம் நாணலுக்குள் அதுவும் உன்னைத் தேடி நிற்கும்.